ஏசியில் கேஸ் தீருமா? வீட்டுச் சூடு, குளிர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (மதுரை): சார், வருஷா வருஷம் கோடை வந்தால் ஏசி குளிர்வதில்லை. மெக்கானிக் வந்து கேஸ் போட்டுவிட்டுப் போகிறார். கேஸ் ஒரு வருஷம்தான் தாங்குமா?

பதில்: கேஸ் எரிந்து தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால், அடுத்த சித்திரையிலும் அவருக்கு உங்கள் வீட்டில் வேலை இருக்கும்.

பெரும்பாலும் குழாய் சேருகிற ஃப்ளேர் நட்டில்தான் கசியும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய தூசியும் தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். சில வீடுகளில் காயில் (கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருள்) அரித்துப் பொத்தல் விழுந்திருக்கும். அடுத்த முறை நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்காமல் நிற்கிறதா என்று கேஜில் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் வேக்குவம் எடுத்து, அதாவது குழாய்க்குள் இருப்பதை முழுக்க உறிஞ்சி வெளியேற்றி, யூனிட்டின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடைக்குத் தராசு வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். உங்களுடையது ஆர்32 வகை கேஸ் என்றால் அது தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது.

இன்னொன்று. ஆளைக் கூப்பிடும் முன் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். பாதி வீடுகளில் அதைக் கழுவினாலே காற்று வந்துவிடும்.

கேள்வி (வேலூர்): அண்ணே, 120 சதுர அடி அறை. மேலே மொட்டை மாடி, மேற்குப் பக்கம் ஜன்னல். ஒரு டன் போதுமா?

பதில்: ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். கீழ்வீடாக இருந்தால் உங்கள் அறைக்கு அதுவே தாராளம். மொட்டை மாடிக்குக் கீழே என்பதால் கடைக்காரர் ஒன்றரை டன் என்பார். அவர் சொல்வதும் தப்பில்லை, ஆனால் முதல் செலவைத் தளத்துக்குச் செய்யுங்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிய காங்கிரீட், ராத்திரி எட்டு மணிக்குத்தான் சூட்டைக் கீழே விடும். அந்நேரம் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள், கையில் காசு இருந்தால் வெள்ளை ஓடு பதியுங்கள். ஜன்னலுக்கு வெளியே தட்டியோ சன்ஷேடோ வேண்டும். உள்ளே திரை போட்டால் கண் கூசாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு அறைக்குள்தான்.

கேள்வி (சென்னை): ஏர் கூலர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது தண்ணீர் ஆவியாவதால் குளிர்வது. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் கசகசப்புதான் கூடும். காற்று உலர்ந்த உள்மாவட்டக் கோடையில், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் நன்றாக இருக்கும்.

கேள்வி: ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா? பில் பயமாக இருக்கிறது.

பதில்: இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் அறை குளிர்கிற வேகம் ஒன்றுதான், 18-க்குப் போக கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். 2020 முதல் ஸ்டார் போட்ட ஏசிகள் 24-ல் தொடங்கும்படிதான் வருகின்றன. நான் சொல்வது 26, கூடவே சீலிங் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் பக்கம் போதும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறும்.

கேள்வி (ஊட்டி): எங்களுக்குக் குளிர்தான் தொல்லை. ஹீட்டரா, கரி அடுப்பா?

பதில்: மூடிய அறையில் கரி கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2000 வாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் தின்னும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் பெரிய பிளக்கில் நேராக மாட்டுங்கள். தினமும் பல மணி நேரம் ஓட்டுவீர்கள் என்றால் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி பாருங்கள். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே விடுவதால், அதே சூட்டுக்குக் கரண்ட் பாதிக்கும் கீழே போதும்.

கேள்வி: ஏசியின் உள் பெட்டியிலிருந்து (இண்டோர் யூனிட்) தண்ணீர் சொட்டுகிறது.

பதில்: டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கும். ஊதிச் சுத்தம் செய்யுங்கள், பைப் வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் மட்டும் மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.