எண்கள் வேறானால் இன்ஜினும் வேறா?

கேள்வி: 1956ஆம் ஆண்டில் தயாரான, பிரிட்டனின் பி.எஸ்.ஏ. பி31 மோட்டார்சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பாகங்கள் அனைத்தும் அசல் என்கிறார் விற்பவர். ஆனால் இன்ஜின் எண்ணும் சட்டத்தின் (ஃபிரேம்) எண்ணும் ஒன்றாக இல்லை. இன்ஜினை மாற்றியிருப்பார்கள் என்பது என் மைத்துனரின் சந்தேகம். எப்படி உறுதி செய்வது?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்த அக்காலத்து டிரையம்ஃப் நிறுவனத்தின் வண்டியாக இருந்தால் உங்கள் மைத்துனரின் சந்தேகத்தில் நியாயம் உண்டு. பி.எஸ்.ஏ. தொழிற்சாலையிலோ அந்நாளில் இன்ஜினுக்கும் சட்டத்திற்கும் தனித்தனி வரிசையில்தான் எண் பொறித்தார்கள். எனவே எண்கள் ஒத்திருந்தால்தான் ஐயப்பட வேண்டும். எந்த இன்ஜின் எந்தச் சட்டத்தோடு வெளியே போனது என்பதைப் பிரிட்டனின் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் வைத்திருக்கும் பழைய அனுப்புகைப் பதிவேடுகளைக் கொண்டு சரிபார்க்கலாம். அதற்கு முன், இரண்டு எண்களும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் லாக் கார்டில் (வாகனப் பதிவு விவர அட்டையில்) உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பேரம் பேச வேண்டாம்.

எண் பொறித்த இடத்தைக் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அரம் தேய்த்த கோடுகளோ, சுற்றியுள்ள உலோகத்தைவிடத் தாழ்ந்த வழவழப்பான குழிவோ தெரிந்தால், பழைய எண்ணை அழித்துப் புதிதாக அடித்திருக்கக்கூடும்.

அடுத்து, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னீட்டோவும் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் டைனமோவும் ஒன்றாகப் பிணைந்த லூகாஸ் மேக்டைனோவைப் பாருங்கள். அதன் உடலில் தயாரான மாதமும் ஆண்டும் சிறு எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அது வண்டிக்குச் சில மாதங்கள் முந்தியிருப்பது இயல்பு. பிந்தியிருந்தால், பின்னாளில் மாட்டியது. 1958 முதல் பி31இல் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்ற மின்னாக்கி வந்துவிட்டதால், உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் இருந்தால் அது பின்னாளில் வந்தது என்பதில் கேள்விக்கே இடமில்லை. ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் வேகமானியின் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, விட்டுவிட்டுத் துள்ளி ஏறும். வண்டியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முள் துள்ளுவதால் மட்டும் அது இந்த வண்டியோடு பிறந்தது என்று ஆகிவிடாது. 2017இல் மூடப்பட்ட சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் பழைய பொருள்களை வாங்கியவர்கள், அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டதில்லை!

ஒரு சிறு காந்தமும் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும் கொண்டு செல்லுங்கள். மட்கார்டில் காந்தம் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் பின்னாளைய துருப்பிடிக்காத எஃகு. டேங்கில் ஓரிடத்தில் மட்டும் காந்தத்தின் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி பூசி நெளிவை மறைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய போல்ட்டுகள் விட்வொர்த் முதலிய அங்குல அளவுகளில் அமைந்தவை. மெட்ரிக் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தும் இடத்திலெல்லாம் யாரோ கை வைத்திருக்கிறார்கள். டயர், கேபிள், பிரேக் ஷூ போன்றவை புதிதாக இருப்பதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். எழுபது ஆண்டுப் பழைய ரப்பரை நம்பி விரைவுச்சாலையில் ஏற முடியாது.

விற்பவர் புது வண்ணம் பூசித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தடிமனான பவுடர் பூச்சு விழுந்தால், சட்டத்தின் எண்ணை விரலால் தடவிக்கூடப் படிக்க முடியாமல் போகும்.