எலி கடிக்குதா? குட்டி எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க

வணக்கம் மக்களே. பர்மிங்ஹாம்ல எட்டு வருஷமா ஃபேன்ஸி ராட், அதாங்க வீட்டுல செல்லமா வளக்குற எலி, வளக்குறேன், வருஷத்துக்கு ரெண்டு ஈத்து எடுத்தா அதிகம். ஊர்ல அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட நான் முயல் வளக்குறதா தான் சொல்லிட்டு இருக்காங்க. சரி, கேளுங்க.

அக்கா, என் ஆண் எலிக்கு நாலு மாசம். தோள்லயே படுத்து தூங்குவான், அவ்ளோ சாது. ஜோடி சேக்கலாமா?

வேணாம் தம்பி. நாலு மாசத்துல எல்லாப் பசங்களும் சாது தான். ஹார்மோன் ஏறி குணம் மாறுறது பெரும்பாலும் அஞ்சாறு மாசத்துக்கு மேல, ஒரு வயசுக்குள்ள. ஆரம்பத்துல நானும் அவசரப்பட்டேன், ஒரு சாம்பல் கலர் பையன், அஞ்சு மாசத்துலயே சேத்துட்டேன், அவனுக்கு எட்டு மாசம் இருக்கும்போது ஒருநாள் கூண்டு துடைக்க கைய விட்டா முடிய சிலுத்துக்கிட்டு, முதுக வளைச்சு, பக்கவாட்டுலயே நடந்து வர்றான், புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வேற. அடுத்த செகண்ட் கட்டைவிரல்ல பல்லு இறங்கிடுச்சு. அதுக்குள்ள அவனோட பதினோரு குட்டியும் வேற வேற வீட்டுக்கு போயாச்சு. அதுல மூணு பசங்க அதே வயசுல அதே மாதிரி ஆகி, ஒவ்வொரு ஃபோனா வந்துச்சு பாருங்க, எடுக்கவே பயமா இருந்துச்சு. இப்பல்லாம் ஆணுக்கு ஒரு வயசு தாண்டணும், அவன் அப்பன், அண்ணன் தம்பி எல்லாம் எப்படின்னு விசாரிப்பேன், மாப்பிள்ளை பாக்குற மாதிரி தான்.

மேடம், அன்பா வளத்தா எல்லாம் சரியாயிடாதா? எதுக்கெடுத்தாலும் பரம்பரைன்றீங்க.

வளர்ப்பு முக்கியம் தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ரஷ்யால நோவோசிபிர்ஸ்க்ல 1972ல ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. காட்டு எலிகள புடிச்சு, க்ளவுஸ் போட்ட கைய கூண்டுக்குள்ள விட்டு பாக்குறது, சாதுவா இருக்குறத தனியா, பாயுறத தனியா இணை சேக்குறது, இத தலைமுறை தலைமுறையா பண்ணாங்க. ஒரு கூட்டம் கைல எடுத்து தடவலாம்ன்ற மாதிரி ஆச்சு, இன்னொண்ணு கைய பாத்தாலே கத்திட்டு பாயும். அப்புறம் ஜெர்மனில அதே வம்சங்கள வச்சு குட்டிகள தாய் மாத்தி வளத்து பாத்தாங்க, பெருசா ஒண்ணும் மாறல. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

குட்டி போட்ட எலி என்ன கடிச்சுடுச்சு. இனி அதுகிட்ட குட்டி எடுக்க கூடாதா?

கூட்டுக்கிட்ட கைய கொண்டு போனா தாய் கடிக்குறது இயல்பு தான், முதல்ல அவள வெளிய எடுத்து விட்டுட்டு குட்டிகள பாருங்க. வெளிய வந்த பிறகும் துரத்தி கடிச்சா தான் நான் யோசிப்பேன். பஜ்ஜி சாப்பிட்ட கைய கம்பி வழியா நீட்டி கடி வாங்குறது எலியோட தப்பே இல்ல.

குட்டிகள எப்போ கைல எடுக்கலாம்?

தாய் உங்கள நம்புனா முதல் வாரத்துலயே, தினம் ரெண்டு நிமிஷம். பதினாலு நாள் வாக்குல கண்ணு திறக்கும். அதுக்கப்புறம் ஒரு வாரம் தெள்ளுப்பூச்சி மாதிரி குதிக்கும், அப்ப விட்டுடாதீங்க, மடியில வச்சுட்டே டிவி பாருங்க. எந்தக் குட்டி தானா கைய தேடி வருது, எது மூலைல ஒதுங்குதுன்னு நோட்ல எழுதி வைங்க, கலர பாத்து மயங்காதீங்க. அஞ்சு வாரத்துல ஆண் பெண் பிரிச்சுடணும், இல்லன்னா தங்கச்சியே சினை ஆயிடும். அப்பனையும் பிரசவத்துக்கு முன்னாடியே பிரிச்சுடுங்க, பெத்த அன்னைக்கே அவ மறுபடி சினை பிடிப்பா.

எங்க வீட்டு ஓட்டுல ஓடுற எலியோட வெள்ளை எலிய சேத்தா தெம்பா வருமா?

அது வேற இனம் சார், குட்டி தங்காது. எலிக்காய்ச்சல் வேற வரும். கைய வைக்காதீங்க.

கடிக்கிற ஆண என்ன தான் பண்றது? விட்டுட மனசு வரல.

எலி பாக்குற டாக்டர் கிடைச்சா விதைய எடுத்து கருத்தடை பண்ணிடுங்க, ஹார்மோன் இறங்க சில வாரம் ஆகும். என் கட்டைவிரல கடிச்சான்னேனே, அவனுக்கும் அதான் பண்ணோம். ரெண்டரை வயசு வரைக்கும் இருந்தான், கடைசி குளிர்காலம் முழுக்க என் ஸ்வெட்டர் கைக்குள்ள தான் தூக்கம்.