புதுக் குளத்தில் மீன் செத்து மிதப்பது ஏன்?

கேள்வி: திருவொற்றியூரில் வீட்டுக்குப் பின்னால் 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டினோம். பூச்சு முடிந்த பத்தாம் நாள் லாரித் தண்ணீரை நிரப்பி, கொளத்தூரில் வாங்கிய 40 பொன்மீன்களை அன்றே விட்டோம். நான்கு நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீனில் குறையா, தண்ணீரில் குறையா? அல்லி வைக்கலாமா? கொசு வருமா?

பதில்: கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம். குளம்தான் இன்னும் பழகவில்லை. புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் அளவை (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 10-க்கு மேலேகூடக் கொண்டுபோகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா பிஎச் 7-ல் பெரிதாகத் தீங்கு செய்யாது. அதே அளவு அம்மோனியா பிஎச் 10-ல், நம்மூர் வெயிலில், பெரும்பகுதி விஷ வடிவத்துக்கு மாறிவிடும். போதாததற்கு லாரித் தண்ணீரில் குளோரின். மூன்றும் சேர்ந்தால் எந்த மீனும் தாங்காது.

இப்போது தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, சுவரை நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி நிரப்பி நான்கு நாள் வைத்து இறக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அது அழுகி நாற்றமடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கடைசியாக நிரப்பிய தண்ணீர் இரண்டு நாள் நின்ற பிறகும் பிஎச் தாள் 8.5-க்குக் கீழே காட்டினால்தான் மீன்.

உங்கள் குளம் சுமார் 4,200 லிட்டர் பிடிக்கும். குளோரின் போக, நிரப்பிய தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் விடுங்கள். அவசரமென்றால் 1,000 லிட்டருக்கு 10 கிராம் சோடியம் தயோசல்பேட் போதும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் கடலோரப் பகுதியில் உப்பு இருக்கும். கோடையில் இந்த அளவுக் குளத்தில் ஒரு நாளைக்கு 40 லிட்டர் அளவுக்கு ஆவியாகலாம்; தண்ணீர் போகும், உப்பு தங்கும். அந்த இழப்பை உப்புத் தண்ணீரால் மட்டும் ஈடுகட்டிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் உப்பு ஏறும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை இறக்கி நல்ல தண்ணீர் விடுங்கள். உப்பு ஏறாத குளமென்றால், இறக்கிய தண்ணீர் வாழைக்கு நல்ல உரம்.

மட்டம் வேகமாகக் குறைந்தால் கசிவா ஆவியா என்று பார்க்க ஒரு வழி: ஒரு வாளியில் குளத்து நீரை எடுத்து, குளத்துக்குள்ளேயே ஒரு கல்லின் மேல் வையுங்கள். உள்ளும் புறமும் மட்டத்தைக் குறித்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள். குளத்து மட்டம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் பூச்சில் விரிசல்.

மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் பம்பும், ஜல்லியும் ஸ்பாஞ்சும் போட்ட ஒரு டிரம்மும் இருந்தால் வடிகட்டி தயார். கழிவைத் தின்னும் நுண்ணுயிர் அதில் குடியேற ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை பத்து மீனுக்கு மேல் விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் தீவனத்தை ஒரு வேளை மட்டும் போடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும். குளத்து நீரிலேயே அலசுங்கள். ஈரத்தில் மின்சாரம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் பச்சையாவது வெயிலும் தீவன மிச்சமும் சேர்ந்த வேலை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால், பாசி இரவெல்லாம் ஆக்சிஜனைக் குடித்துவிட்டது என்று பொருள். அல்லி இதற்கு நல்ல மருந்து. இலை பாதிக் குளத்தை மூடினால் போதும். அகலமான தொட்டியில் களிமண்ணை மட்டும் போட்டு நட்டு, மேலே கூழாங்கல் பரப்புங்கள். தொழு உரம் கலந்தால் பாசிக்குத்தான் விருந்து. ஆகாயத்தாமரை வேண்டாம், வாரி மாளாது.

கொசுவுக்குப் பத்துப் பதினைந்து கப்பி மீன் போதும். புழு கொசுவாகும் முன் தின்றுவிடும். கொசுப் புழு தின்ன விடப்படும் இன்னொரு மீனான கம்பூசியா மற்ற மீனின் வாலைக் கடிக்கும், தேவையில்லை. 'கண்ணாடி துடைக்கும்' சக்கர் மீனை வாங்கவே வாங்காதீர்கள். வளர்ந்து தொல்லையானதும் பக்கிங்ஹாம் கால்வாயில் விடத்தான் தோன்றும், அங்கே அது நம்மூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் கரையை முற்றத்தைவிட அரை அடி உயர்த்தி, இரண்டு அங்குல வழிகால் குழாய்க்கு வலை கட்டுங்கள்.