மாட்டின் மடிநோயும் தாயின் பால்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 26. முதல் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வருகிறேன். நேற்று இரவு முதல் இடது மார்பின் வெளிப்புறம் விசிறி விரித்தாற்போல் சிவந்து, கல்லாக இறுகியிருக்கிறது. குளிரும் 102 டிகிரி காய்ச்சலும் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பசுவுக்குப் போன மாதம் மடிநோய் வந்தபோது, பாலைக் கீழே ஊற்றும்படி கால்நடை மருத்துவர் சொன்னார். அதைச் சொல்லி, என் பாலும் கெட்டுவிட்டது, பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். குழந்தையும் அந்தப் பக்கம் வைத்தால் முகம் சுளிக்கிறது. தோவாளையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவந்து கட்டிப் பாலை வற்றவிடலாம் என்றும் பேசுகிறார்கள். என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, திருவட்டாறு)

மருத்துவர் பதில்: உங்கள் மடல் கிடைத்த அன்றே, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று சுருக்கமாகப் பதில் அனுப்பியிருந்தேன். இதே ஐயம் மாட்டுத்தொழுவம் உள்ள பல வீடுகளில் எழுவதால், காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதை அறியாமை என்று நான் தள்ளிவிடமாட்டேன். பசுவின் மடியும் தாயின் மார்பகமும் அடிப்படையில் ஒரே வகைச் சுரப்பிதான். கருவுற்ற காலத்தில் வளர்ந்து, மகப்பேற்றுக்குப் பின் திராட்சைக் கொத்துப் போன்ற நுண்பைகளில் பாலைச் சுரந்து, கன்றோ குழந்தையோ சப்பும்போது ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரின் தூண்டுதலால் அந்தப் பைகள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளும் வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் அமைப்பு வேறு. பசுவின் மடியில் தனித்தனியான நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியின் அடியிலும் பால் தேங்கும் அறையும், ஒரே துவாரமுள்ள ஒரு காம்பும் இருக்கின்றன. கறந்து முடித்த பின் அந்தத் துவாரம் முழுமையாக மூட ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்திலும் ஈரத்திலும் படுத்துவிட்டால் கிருமி எளிதாக உள்ளே ஏறிவிடும். கறந்தவுடன் தீனி போட்டு மாட்டை நிற்க வைக்கச் சொல்வது இதனால்தான். மடிநோயில் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் தயிர்த் துணுக்குகள் போலத் திப்பி திப்பியாகத் தெரியும். அந்தப் பாலில் கிருமி மிகுந்திருக்கும். காம்பு வழியே ஏற்றிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கலந்திருக்கும். அது கேனில் ஊற்றப்பட்டுப் பிறர் வீட்டுக்கும் தேநீர்க்கடைக்கும் போகும் என்பதால் கொட்டச் சொல்கிறார்கள். அது சரியான அறிவுரையே.

உங்களுக்கு வந்திருக்கும் பால்கட்டு வேறு. பெண்ணின் மார்பகத்தில் அப்படிப் பால் தேங்கும் அறை கிடையாது. மெல்லிய நாளங்கள் பல, காம்பில் தனித்தனித் துவாரங்களாகத் திறக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த திசு வீங்கும்போது நாளம் நெருக்குண்டு, பால் தடைபட்டு, அந்தப் பகுதி மட்டும் சிவந்து இறுகுகிறது. தொடக்கத்தில் இது பெரும்பாலும் அழற்சியே. எல்லாருக்கும் கிருமித்தொற்று இருப்பதில்லை. தொற்று இருந்தாலும், அதற்குக் காரணமான ஸ்டைபிலோகாக்கஸ் கிருமி பெரும்பாலும் தாயின் தோலிலும் குழந்தையின் வாய், மூக்கிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். அந்தப் பால் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. குழந்தை முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. அழற்சியின்போது சுரப்பிச் செல்களுக்கிடையே உள்ள இணைப்புகள் தளர்ந்து, இரத்தத்திலுள்ள உப்பு பாலில் கசிவதால் பால் சற்றே கரிக்கும். அது கெட்டுப்போனதன் சுவை அன்று. வீக்கம் வடிந்ததும் மாறிவிடும்.

வழக்கம்போல் குழந்தை கேட்கும்போதெல்லாம் இரு பக்கமும் கொடுங்கள். அதே வேளையில், கட்டியைக் கரைக்கிறேன் என்று மணிக்கொரு முறை பம்பு வைத்து உறிஞ்சவும் வேண்டாம். அளவுக்கு மீறி எடுத்தால் சுரப்பு கூடி வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது வலியைத் தணிக்கும். நம் மாவட்டத்தில் பேறுகாலத்தில் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பதும் வேதுநீரில் குளிப்பாட்டுவதும் வழக்கம். குளியலில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் சூடான எண்ணெய் விட்டுக் கட்டியை அழுத்தி நீவுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். விரல் பதிந்த இடமெல்லாம் கன்றி, வீக்கம் இருமடங்காகி வந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும், வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாவிட்டால் வீக்கத்துக்கு ஐபுபுரோஃபெனும் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானவை.

மல்லிகைப்பூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வெறும் நம்பிக்கை அன்று. பால் வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டு வேலூர் மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பில் பூக் கட்டிய தாய்மாருக்கும், பால் சுரக்கச் செய்யும் இயக்குநீரான புரோலாக்டின் குறைந்து பால் சுரப்பு அடங்கியது. பலன் உண்டு என்பதாலேயே வேண்டாம் என்கிறேன். ஆறு வாரக் குழந்தைக்குப் பாலை வற்றவிடுவது உங்கள் நோக்கம் அன்று. கட்டியிருக்கும்போது திடீரென நிறுத்தினால் தேக்கம் மிகுந்து சீழ்க்கட்டியாக மாறும் வாய்ப்பும் கூடும். பூ உங்கள் தலையில் இருக்கட்டும்.

24 மணி நேரத்தில் காய்ச்சலும் சிவப்பும் குறையத் தொடங்காவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே மிகவும் தளர்ந்துபோனால், தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். குளோக்சாசிலின், செஃபலெக்சின் போன்ற, பால் கொடுத்துக்கொண்டே உட்கொள்ளத்தக்க மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, இரண்டு நாளில் நிறுத்திவிட வேண்டாம். கட்டி நடுவில் மெத்தென்று நெகிழ்ந்தால் சீழ் பிடித்திருக்கலாம். ஸ்கேன் பார்த்து ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்துவிடலாம். பெரும்பாலும் கத்தி தேவைப்படாது, பால் கொடுப்பதும் தடைபடாது. முழு அளவு மருந்து எடுத்தும் இரண்டு வாரத்தில் சிவப்பு மாறாமல், தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிவிழுந்து தடித்திருந்தால், அதைப் பால்கட்டு என்றே எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அரிதாக மார்பகப் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரும்.

பசுவுக்கு மருந்து நடக்கும் நாள்களில் அதன் பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள். மாட்டு மடியில் வாழும் கிருமிகளிலும் ஸ்டைபிலோகாக்கஸ் உண்டு என்பதால், வீட்டில் கறப்பவர் யாராயினும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும்.