பத்து லட்சம் வேண்டாம், பி.எஸ்சி. இயற்பியல் போதும்

தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னையிலிருக்கும் தாய்மாமன், தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' இடம் பேசி வைத்துவிட்டார். பத்து லட்சம் கடன் வாங்க வேண்டும். மகளோ பி.எஸ்சி. இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். "எந்நேரமும் போர்டும் ஒயருமாகவே உட்கார்ந்திருக்கிறாள்" என்று புலம்பி, அவள் நோட்டின் சில பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஐயா, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் பணம் கட்ட நாள் நெருங்குவதால் நேராகவே சொல்கிறேன்: அந்த சீட்டை வாங்காதீர்கள்.

பத்து லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,000 ரூபாய் தவணை. படிக்கும் காலத்து வட்டி தனி. முதல் வேலையின் சம்பளத்தில் பெரும்பகுதி வங்கிக்கே போகும். கூடு விலை சரிந்தால் கையைக் கடிக்கப்போவது உங்களுக்குத்தான், மைத்துனருக்கு அல்ல.

இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். புழு மனையில், புரோகிராம் எழுதி ஓட்டும் அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினி போர்டும் எல்.எம்.35 வெப்ப சென்சாரும் வைத்துப் பதிவு எடுத்திருக்கிறாள். ஒரு பக்கத்தில், "26.37க்கு அடுத்து 26.86தான் வருகிறது. நடுவில் ஒன்றுமே வரவில்லை. ஏன்?" இன்னொரு பக்கத்தில், "கரண்ட் போய் வந்தது. நேரம் பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. இதற்குப் பிறகு உள்ளதை நம்பக்கூடாது."

முதல் கேள்விக்கான விடை இது. அந்த போர்டு 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். சென்சார் ஒரு டிகிரிக்குக் கொடுப்பது 10 மில்லிவோல்ட். ஆக, ஏறத்தாழ அரை டிகிரிக்குக் குறைவான மாற்றம் அதன் கண்ணில் படவே படாது. திரை மட்டும் இரண்டு தசமம் காட்டி ஏமாற்றும். அந்த ஏமாற்றில் சிக்காத பெண் உங்கள் மகள். தவறான பதிவை அழிக்காமல் 'நம்பக்கூடாது' என்று பக்கத்திலேயே குறித்து வைக்கும் பழக்கத்தை ஆய்வு மாணவர்களுக்கே சொல்லிச் சொல்லித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். மெக்ஸிகோவின் யுகட்டான் பகுதியில் நீர் நிறைந்த குகைகள் உண்டு. அங்கே 'கேவ் பேர்ல்' என்ற ஆய்வுத் திட்டத்தில் இதே அர்டுயினோ வகைச் சின்ன போர்டுகளைத்தான் பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய்ப் பாகங்களுக்குள் அடைத்துத் தண்ணீருக்கடியில் வைத்தார்கள். சாதாரண பேட்டரியில் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பதிவு எடுத்திருக்கிறார்கள். மகளின் ஊனோ போர்டை அப்படியே பேட்டரியில் விட்டால் ஓரிரு நாளில் படுத்துவிடும். போர்டைத் தூங்க வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, அளந்து, எழுதி, மறுபடி தூங்க வைக்க வேண்டும். மினுமினுக்கும் எல்.இ.டி.யைக்கூடப் பிடுங்கிவிடுவார்கள். நேரத்துக்கு டி.எஸ்.3231 என்ற தனிக் கடிகாரச் சில்லு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். கரண்ட் போனாலும் தன் பட்டன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு சென்சாரை உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்க்கவும், ஈரம் புகாமல் சிலிக்கா ஜெல் போடவும் தெரிய வேண்டும். கடல், காடு, நிலத்தடி நீர், வானிலை என்று எந்த ஆய்வுக் குழுவிலும் இந்தக் கைவேலையும் இயற்பியலும் சேர்ந்து தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி இருக்கிறது. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம், கல்லூரி ஆய்வகங்களுக்காகவே மைக்ரோகண்ட்ரோலரை (அர்டுயினோ போர்டில் இருப்பது போன்ற சின்னக் கணினிச் சில்லு) வைத்து 'எக்ஸ்பைஸ்' என்ற மலிவான அளவீட்டுக் கருவியை உருவாக்கியது. சேரும் கல்லூரியில் அது இருக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வேலை. இந்திய வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கு, இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2022இல் மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. 990 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. வருடா வருடம் வராது, அதை மட்டும் நம்பி உட்காரவும் கூடாது. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' நுழைவுத் தேர்வு எழுதட்டும். அதன்பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் இடம் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இதில் கசப்பும் உண்டு. ஆய்வுத் திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேறிடம் தேட வேண்டும். நிலையான வருமானத்துக்குச் சில வருடம் பொறுக்க வேண்டியிருக்கும். ஆனால் தலைமேல் கடன் இல்லாதவளால்தான் அப்படிப் பொறுக்க முடியும்.

அரசுக் கலைக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், அந்தக் கடிகாரச் சில்லு, மெமரி கார்டு இவற்றை வாங்கிக் கொடுங்கள்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். தவணை கட்ட அந்த நாலு பேரும் வரமாட்டார்கள். மைத்துனரிடம் மறுக்கத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். மகளிடம் ஒரு சேதி: போர்டின் உள்ளேயே, அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க 1.1 வோல்ட் குறிப்பு மின்னழுத்தம் ஒன்று இருக்கிறது. புரோகிராமில் 5 வோல்ட்டுக்குப் பதிலாக அதற்கு மாற்றினால் ஒரு படி 0.1 டிகிரி அளவுக்கு இறங்கும். மாற்றிவிட்டு 26.37க்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதட்டும்.