இணையத்தில் உடல்நலப் பாடம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை உடல்நலம் நடத்த வேண்டும். இணையத்தில் நம்பி எடுக்க என்ன இருக்கிறது?
– ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: அமெரிக்காவின் நெமூர்ஸ் என்ற குழந்தைகள் நல மருத்துவ அமைப்பு நடத்தும் 'கிட்ஸ்ஹெல்த்' தளத்திலிருந்து ஆரம்பியுங்கள். பெற்றோர், சிறுவர், பதின்வயதினர், ஆசிரியர் எனத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஆசிரியர் பகுதியில் 6–8 வகுப்புக்கான கையேடுகளை இறக்கிக்கொள்ளுங்கள். கலந்துரையாடலுக்குக் கேள்விகள், செயல்பாடுகள், விடையோடு வினாடி வினா எல்லாம் அதில் இருக்கும். கட்டணம் இல்லை, வகுப்புக்கு நகலெடுக்கவும் அனுமதி உண்டு. ஆனால் எல்லாம் ஆங்கிலம். அச்சடித்து விநியோகிப்பதைவிட, கேள்விகளை மட்டும் எடுத்துத் தமிழில் கேட்டால் வகுப்பு வாய் திறக்கும்.

கை கழுவும் பாடத்தைச் செய்தே காட்டுங்கள். இரண்டு பிள்ளைகளின் உள்ளங்கையில் அரை ஸ்பூன் சமையல் எண்ணெய், மேலே ஒரு சிட்டிகை பட்டைத் தூள். நன்றாகத் தேய்க்கட்டும். ஒருவர் வெறும் தண்ணீரில், மற்றவர் சோப்புப் போட்டு. இருவருக்கும் அதே 20 விநாடி. எண்ணெயோடு தண்ணீர் ஒட்டாது. தூள் அப்படியே நிற்கும். சோப்புதான் எண்ணெயைத் தண்ணீரோடு இழுத்துப் போகும். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம். தோலில் சாயம் ஏறி, ஒழுங்காகக் கழுவிய பிள்ளையும் தோற்றதுபோல் நிற்கும்! ஜிகினாத் தூளும் வேண்டாம், கண்ணை உறுத்தும். கடைசியில் கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண் பார்க்கச் சொல்லுங்கள். சோப்புப் போட்டவருக்கும் மிச்சம் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

கேள்வி: அமெரிக்கத் தளம் ஒன்றில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து அட்டவணை பார்த்தேன். அதன்படி கொடுக்கலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: வேண்டாம். அங்கே 'அசிட்டமினோஃபென்' என்று போட்டிருப்பது நம் பாரசிட்டமால்தான். ஆனால் அவர்கள் சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். நம் மருந்துக்கடையில் 125, 250 இரண்டும் கிடைக்கும். அங்குள்ள மில்லிக் கணக்கை 250 பாட்டிலில் பின்பற்றினால் ஒன்றரை மடங்குக்கு மேல் மருந்து உள்ளே போய்விடும். பாட்டிலைக் கையோடு கொண்டுபோய், பிள்ளையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். தடுப்பூசி அட்டவணையும் அப்படித்தான்: நாம் பிறந்தவுடன் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) அங்கே வழக்கத்தில் இல்லை. அவசரத்துக்கு 911 என்றிருந்தால் நமக்கு 108.

கேள்வி: மாதவிடாய், பரு பற்றியெல்லாம் வீட்டில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கே படிக்கலாம்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி

பதில்: மேலே சொன்ன தளத்தின் பதின்வயதினர் பகுதியில் இரண்டும் இருக்கின்றன. எந்தத் தளமானாலும், சரிபார்த்த மருத்துவர் பெயரும் தேதியும் கட்டுரையில் இருக்கிறதா பாரம்மா. இல்லாமல், க்ரீம் விற்கும் பொத்தான் மட்டும் இருந்தால் மூடிவிடு. படிப்பது அப்பாவின் போனில் என்றால், பார்த்த பக்கங்களின் பட்டியல் அதில் தங்கும் என்பதையும் தெரிந்துகொள். மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. யாராவது தொந்தரவு கொடுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098.