கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த ரேம் வாங்கலாம்? கேள்வி பதில்

பல வருடங்களாக நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிறேன். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு பற்றி எல்லோரும் நன்றாக விசாரித்துவிட்டு வருகிறார்கள். ரேம் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் கையில் கிடைப்பதை வாங்கி வந்துவிடுகிறார்கள். அதனால்தான் ரேம் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் எடுக்கப்போறேன். கிராபிக்ஸ் கார்டுக்கு இப்ப காசு இல்ல. "ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டுக்கோ, அப்புறம் இன்னொன்னு சேத்துக்கலாம்"னு கடைல சொல்றாங்க. சரியா?

வேண்டாம் தம்பி. 8 ஜிபி ஸ்டிக் இரண்டு கேட்டு வாங்குங்கள். மற்றவர்களைவிட உங்களுக்கு இது முக்கியம்.

தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக மெமரி உண்டு. 5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. படம் வரைய வேண்டிய எல்லாவற்றையும் உங்கள் ரேமிலிருந்துதான் எடுக்கும். டிடிஆர்4 என்பது ரேமின் ஒரு தலைமுறை, அதற்கு அடுத்தது டிடிஆர்5. 3200 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில், அதாவது ப்ராசஸருக்குப் போகும் இரண்டு தனிப் பாதையில் போட்டால் 51.2 ஜிபி. குடும்பத்துக்கே ஒரே குழாய் இருப்பதற்கும் இரண்டு குழாய் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதே ப்ராசஸர், அதே கேம், ஒற்றை ஸ்டிக்கில் திக்கித் திணறியதையும் இரண்டு ஸ்டிக்கில் சீராக ஓடியதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மதர்போர்டில் ரேமுக்கு நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். போர்டோடு வரும் கையேட்டில் படம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்: 16 போதுமா, 32 வேணுமா?

கேம் மட்டும் என்றால் 16-ல் இன்றைக்கும் சமாளிக்கலாம். கேம் ஓடும்போதே பின்னால் பிரவுசர், டிஸ்கார்ட், ரெக்கார்டிங் எல்லாம் திறந்திருக்கும் என்றால் 32. ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்பதைவிட டாஸ்க் மேனேஜரைக் கேட்கலாம். வழக்கமாக ஆடும் கேமை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மெமரி பக்கத்தைப் பாருங்கள். 16-ல் 14, 15 என்று நின்றால் 32-க்குப் போங்கள். 10-ல் நிற்கிறது என்றால் அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்து வையுங்கள்.

சேலம்: 3200னு சொல்லி வித்தாங்க. டாஸ்க் மேனேஜர்ல 2400னு காட்டுது. சிபியு-இசட்னு ஒரு சாஃப்ட்வேர்ல பார்த்தா 1200. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில், ஒரே ஒரு அமைப்பு மாற்றப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ரேமை முதன்முதலில் போட்டதும் போர்டு பாதுகாப்பான வேகத்தில்தான் ஓட்டும். டிடிஆர்4-ல் 2133, 2400, 2666. டிடிஆர்5-ல் பெரும்பாலும் 4800. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஸ்டிக்கிலேயே ஒரு புரொஃபைலாகப் பதிந்திருக்கும். அதை நாம்தான் இயக்க வேண்டும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதைத் தேடுங்கள். ஏஎம்டி போர்டு என்றால் டிஓசிபி என்றோ, 2022 முதல் வந்த ஏஎம்5 போர்டுகளில் (ரைசன் 7000 முதலான ப்ராசஸர்களுக்கானவை) எக்ஸ்போ என்றோ இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, சேமித்துவிட்டு வெளியே வந்தால் 3200 காட்டும்.

சிபியு-இசட் பாதியாகக் காட்டுவதும் சரிதான். டிடிஆர் மெமரி ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்பும். சிபியு-இசட் துடிப்பை எண்ணுகிறது, பெட்டியில் இருப்பது அனுப்பும் எண்ணிக்கை. எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல ரேமுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் 2133-லேயே ஆடிக்கொண்டிருந்தார். இதைப் படிக்கிற எல்லோரும் இன்று இரவே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சென்னை, பெரம்பூர்: ரைசன் 7600-க்கு 6000 சிஎல் 30 நல்லதா, 6400 சிஎல் 40 நல்லதா? ரிச்சி ஸ்ட்ரீட்ல 6400தான் வேகம்னு சொல்றாங்க.

6000 சிஎல் 30. யோசிக்கவே வேண்டாம்.

சிஎல் என்பது ஸ்டிக்கிடம் தகவல் கேட்டதும் அது எத்தனை துடிப்பு காத்திருக்க வைக்கிறது என்ற எண். துடிப்பின் நீளம் வேகத்துக்கு வேகம் மாறும், அதனால் சிஎல்லை மட்டும் தனியாக ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். 6000 சிஎல் 30 என்றால் 10 நானோ நொடி. 6400 சிஎல் 40 என்றால் 12.5. பழைய டிடிஆர்4 3200 சிஎல் 16-ஐப் போட்டுப் பாருங்கள், அதுவும் 10தான். மலிவாகக் கிடைக்கும் 5600 சிஎல் 46-ல் 16.4 வரும். டிடிஆர்5 என்று பெயர் இருந்தாலே பதில் சீக்கிரம் வந்துவிடும் என்று இல்லை. அதன் பலம் ஒரே நேரத்தில் அள்ளித் தரும் அளவில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ரைசன் 7000 வரிசைக்கு 6000தான் பொருத்தமான வேகம் என்று ஏஎம்டியே சொன்னது. அதற்கு மேல் போனால் பல போர்டுகள் ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கண்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து மெதுவாக்கிக்கொள்ள வேண்டாம்.

7800எக்ஸ்3டி போன்ற ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அதில் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, இருக்கிறது. அடிக்கடி தேவைப்படுவதை அங்கேயே வைத்துக்கொள்வதால் ரேமை நாடிப் போவது குறைவு.

யாழ்ப்பாணம்: அண்ணா, கொழும்பில யுனிட்டி பிளாசாவில விசாரிச்சனான். ஐ5 12400எஃப், எச்610 போர்ட் எடுக்கப்போறன். 3600 ரேம் போட்டா நல்லாயிருக்குமோ? இல்லாட்டி டிடிஆர்5 எடுக்கோணுமோ?

எச்610-ல் மெமரியை ஓவர்க்ளாக் செய்ய, அதாவது முறைப்படியான வேகத்துக்கு மேல் ஓட்ட முடியாது. 12400எஃப் டிடிஆர்4-ஐ 3200 வரைதான் முறைப்படி ஏற்கும். 3600 ஸ்டிக் போட்டால் 3200-லோ அதற்கும் கீழேயோதான் நிற்கும். ஆகவே 3200 சிஎல் 16 போதும். பி660 அல்லது பி760 போர்டு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் மட்டும் 3600 பற்றி யோசியுங்கள்.

இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் பெரும்பாலான போர்டுகள் ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டு ஸ்டிக்கிலும் 288 பின்கள் இருந்தாலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் போட வராது. போர்டு பெட்டியில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ரேமுக்குக் காசு கொடுங்கள்.

திருச்சி: ஏஎம்5 செட் புதுசா போட்டேன். ஃபேன் சுத்துது, திரை கருப்பா இருக்கு. ரேம் டெட்டா?

எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்? டிடிஆர்5-ஐ முதன்முறை போட்டதும் போர்டு அதோடு ஒத்துப்போகும் அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கும். ஏஎம்5-ல் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும், ஸ்டிக் பெரிதானால் இன்னும் நேரம் ஆகும். கால் மணி நேரம் நிறுத்தாமல் விடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்கை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

ஈரோடு: ஏஎம்5-ல 16 ஜிபி ரெண்டு இருக்கு. இன்னும் ரெண்டு போட்டு 64 ஆக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் வேகம் போய்விடும். ரைசன் 7000-ல், எக்ஸ்போ போடாமல், இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5200. நான்கு ஸ்டிக்குக்கு அது 3600 ஆகிவிடும். 64 உண்மையிலேயே தேவை என்றால் இருப்பதை விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 32-ஐ வாங்குங்கள்.

வேலூர்: டிடிஆர்5 ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே ரெண்டு சேனல் இருக்காமே? அப்ப ஒண்ணு போதும்தானே?

பல கடைகளில் இப்படிச் சொல்கிறார்கள், அதில் பாதிதான் உண்மை. டிடிஆர்5 ஸ்டிக்கில் 32 பிட் பாதை இரண்டு இருக்கிறது. டிடிஆர்4 ஸ்டிக்கில் 64 பிட் பாதை ஒன்று. கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். இரட்டைச் சேனல் அகலம் வேண்டுமென்றால் இதிலும் இரண்டு ஸ்டிக் வேண்டும். முடிந்தால் இரண்டு 16-ஆகப் போடுங்கள். டிடிஆர்5-ல் 8 ஜிபி ஸ்டிக்குகள் பெரும்பாலும் நான்கே சிப்போடு வருகின்றன. அந்தச் சிப்களில் பாங்க் குரூப் எனப்படும் உட்பிரிவுகளின் எண்ணிக்கை பாதிதான் என்பதால் கொஞ்சம் பின்தங்கும்.

திருநெல்வேலி: ரேம் விலை ஏன் இப்படி ஏறுது? காத்திருக்கலாமா? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

உலகத்தின் பெரும்பகுதி மெமரி சிப்பைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு அவர்கள் முன்னுரிமை கொடுக்க, 2025 கடைசியில் நம் கடை ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், தன் க்ரூஷியல் பிராண்டின் நுகர்வோர் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. விலை எப்போது இறங்கும் என்று தேதி சொல்பவரை நம்பாதீர்கள். டிடிஆர்4 ஏற்கும் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் இந்த நேரத்தில் டிடிஆர்5-க்குத் தாவாமல் இருப்பதையே உயர்த்திக்கொள்வது நல்லது.

பழைய ரேம் தாராளமாக வாங்கலாம், சோதித்துவிட்டு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், "ஒண்ணே ஒண்ணுதானே" என்று விடாதீர்கள். என் கம்ப்யூட்டரில் வாரம் ஒருமுறை கேம் பாதியில் மூடிக்கொண்டிருந்தது. டிரைவரை மாற்றினேன், விண்டோஸை மூன்று முறை புதிதாகப் போட்டேன். கடைசியில் ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டியதில் ஒரு ஸ்டிக் சிவப்பாகக் காட்டியது. அதை எடுத்த பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்: பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான் சார். 64 ஜிபி, கலர் லைட் வச்ச ரேம் கேக்கிறான். அவனே மாட்டிக்குவேன்கிறான். விடலாமா?

அம்மா, அவன் ஆடும் கேம்களுக்கு 64 தேவைப்படாது. 32 போதும், கை கடித்தால் 16. விளக்கால் வேகம் கூடாது. ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், ஆனால் உயரமான ஸ்டிக் சில நேரம் ப்ராசஸர் மேல் இருக்கும் பெரிய கூலரில் இடிக்கும். உயரத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

தாராளமாக அவனே மாட்டட்டும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, முதலில் கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொடச் சொல்லுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் போய்விடும். வெட்டு பொருந்துகிறதா பார்த்து, ஸ்டிக்கின் இரண்டு முனையையும் நேராக அழுத்த வேண்டும். ஸ்லாட்டின் கிளிப் 'டக்' என்று சத்தம் போட்டு மூடிக்கொள்ளும். கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருக்கும், பக்கத்தில் நிற்கும்போது பயந்துவிடாதீர்கள்.